நற்கருணை குறித்த ஒலிப்பாடத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் கிறிஸ்தவச் சடங்கான நற்கருணையைப் பற்றிக் கத்தோலிக்கரும், சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் வழிவந்த லுத்தரன் சபையாரும் எங்கே பிரிகிறார்கள் என்பதை விளக்கும் ஆறு ஒலிப்பாடங்களை இணையத்தில் சந்தா கட்டிக் கேட்டு முடித்தேன். பெரும்பகுதி நன்று, ஒரு பாடம் மட்டும் திருத்தப்பட்டே ஆக வேண்டும்.

முதலிரு பாடங்கள் கத்தோலிக்கப் போதனைக்கானவை. அப்பமும் இரசமும் உள்ளியல்பில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிவிட, நிறமும் மணமும் சுவையும் மட்டும் முன்போலவே நிற்கின்றன என்னும் பொருண்மை மாற்றக் கோட்பாடு, 1215-இல் திருச்சபையின் பொதுப் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கத்தின் வாசகத்தில் இடம்பெற்று 1551-இல் திரெந்து சங்கத்தில் உறுதிப்படுத்தப்பட்ட வரலாற்றை அவை நிதானமாகச் சொல்கின்றன.

மூன்றாவது பாடமே தொகுப்பின் சிறப்பு. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், அப்பம் அடையாளமே என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்கிலியோடு வாதிட அமர்ந்த லூத்தர், "இது என் சரீரம்" என்ற சொற்களை மேசைமீது சுண்ணக்கட்டியால் இலத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு, அதிலிருந்து இம்மியும் நகர மறுத்த காட்சி அதில் வருகிறது. ரோமைவிட்டுப் பிரிந்தவர்கள் எல்லாருக்கும் நற்கருணை வெறும் அடையாளம்தான் என்று எண்ணியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நான்காவது பாடம் சறுக்குகிறது. அப்பப் பொருளும் உடற்பொருளும் இணைந்து நிற்பதாகக் கூறும் தத்துவக் கொள்கை ஒன்றை லுத்தரன் போதனை என்று முத்திரை குத்துகிறார் பேச்சாளர். அந்த முத்திரையைப் பெரும்பாலான லுத்தரன் இறையியலாளர் ஏற்பதில்லை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதிலும் அதனோடும் அதன் கீழும் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே தரப்படுகிறது என்பதே அவர்கள் அறிக்கை. எவ்வாறு என்ற கேள்வியை அவர்கள் வேண்டுமென்றே திறந்து வைக்கிறார்கள். இதைத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். எளிமைக்காக அப்படிச் சொன்னதாகப் பதில் வந்தது. எளிமை வேறு, பிழை வேறு.

நற்கருணை வழிபாடான திருப்பலியைப் பற்றிய ஐந்தாம் பாடம் அவசரத்தில் முடிந்துவிடுவது பெரிய குறை. நற்கருணை தொடர்பாக 1520-இல் லூத்தர் தாக்கிய மூன்று தவறுகளில், இரசக் கிண்ணம் குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்கு மறுக்கப்பட்டதையும் பொருண்மை மாற்றத்தையும்விட, திருப்பலியை மனிதர் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் பலியாகக் கருதியதையே மிகக் கொடியது என்றார். கல்வாரியில் கிறிஸ்து சிலுவையில் தந்த ஒரே பலி மறுபடி நிகழ்வதில்லை, பீடத்தில் நம்முன் நிகழ்காலமாக்கப்படுகிறது என்பது கத்தோலிக்க விளக்கம். கடவுள் நமக்குத் தரும் கொடையை நாம் அவருக்குப் படைப்பதாகச் சொல்லலாகாது என்பது லுத்தரன் மறுப்பு. தொகுப்பின் நடுநாயகமாக இருந்திருக்க வேண்டிய இந்த விவாதம் பத்தே நிமிடத்தில் கடந்துபோகிறது.

கடைசிப் பாடம் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: வழிபாடு முடிந்தபின் தட்டில் மிஞ்சிய அப்பம் என்ன? அப்பத்தின் தோற்றம் நீடிக்கும்வரை கிறிஸ்துவின் பிரசன்னமும் நீடிப்பதால் கத்தோலிக்கர் அதை நற்கருணைப் பேழையில் வைத்து ஆராதிக்கிறார்கள், நோயாளிகளுக்குக் கொண்டு செல்கிறார்கள். உண்ணவும் பருகவும் என்றே ஆண்டவர் அதைத் தந்தார் என்று கொள்ளும் லுத்தரன் சபையார், பயன்பாட்டுக்கு வெளியே அதை ஆராதிப்பதில்லை. மிஞ்சியதைப் பல இடங்களில் அங்கேயே மரியாதையோடு உண்டு முடித்துவிடுகிறார்கள்.