எலி சிறுநீருக்கான கிம்-1 எலைசா கிட்: வாங்கலாமா?

கோவையில் எங்கள் ஆய்வகத்தில் சிஸ்பிளாட்டின் (சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய புற்றுநோய் மருந்து) ஊசி போட்ட எலிகளின் சிறுநீரைச் சோதிக்க வாங்கியது இது. எலைசா கிட் என்றால், ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தை வைத்துக் காட்டும் சோதனைப் பெட்டி. சிறுநீரகக் குழாய் செல்கள் அடிபட்டால், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப் பொருள்) ஏறுவதற்கு முன்னாலேயே சிறுநீரில் கிம்-1 புரதம் தலைகாட்டிவிடும். 2008-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எலிச் சோதனைகளுக்கு ஏற்றுக்கொண்ட, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ஏழு குறிகளில் இதுவும் ஒன்று. கிட் ஏமாற்றவில்லை. இரண்டாம் நாளே மருந்து போட்ட எலிகளின் சிறுநீர் ஊற்றிய கிட் தட்டின் குழிகள் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டன, கிரியாட்டினின் அப்போதும் அசையவே இல்லை.

பார்சல்தான் கடுப்பு. ஐஸ் பை உருகி வெதுவெதுவென்று வந்தது, ஏனுங்க இப்படி என்று கேட்டால் "வெயிலுங்க" என்கிறார் ஏஜென்ட்! மூன்று போனுக்கு அப்புறம் மாற்றிக் கொடுத்தார்கள். வாங்குபவர்கள் சிறுநீரை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றித் தெளிய வைத்துவிட்டு ஊற்றுங்கள், கூண்டில் தீவனத் தூள் விழுந்து கலந்திருக்கும்.