புழுவா, ஈயா, எலியா: நியூரோபயாலஜியில் எதை வைத்து வேலை செய்வது?

நியூரோபயாலஜி, அதாவது நரம்பு மண்டல உயிரியலில், பிஎச்டிக்கு ஆய்வகம் தேடும்போது வழிகாட்டியின் பெயரைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டே சொந்த ஆய்வகமும் நடத்த ஆசைப்படுகிறவர், அங்கே எந்த உயிரினத்தை வைத்து வேலை நடக்கிறது என்பதையும் அதே அளவு பார்க்க வேண்டும்.

சுண்டெலிக்கு ஏறக்குறைய 7 கோடி நியூரான்கள் (நரம்பு செல்கள்), மூளையின் அமைப்பும் நம்முடையதற்கு நெருக்கம். அல்சைமர் மாதிரி நோய்க் கேள்விகளுக்கு அது வேண்டும், நிதி கேட்பதும் சுலபம். ஆனால் விலங்குக்கூடம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, அறுவைப் பயிற்சி, ஒரு தலைமுறைக்குச் சுமார் 3 மாதம் என்று எல்லாமே நேரத்தைத் தின்னும். வகுப்பும் எடுக்கும் புதிய உதவிப் பேராசிரியருக்கு உருப்படியான தரவு கைக்கு வருவதற்குள் பணி நிரந்தரத்துக்கான மதிப்பீடு வந்து நிற்கும்.

சி. எலிகன்ஸ் புழுவுக்கு 302 நியூரான்கள்தான், எந்த நியூரான் எதோடு இணைகிறது என்ற வரைபடம் 1986-லேயே வெளிவந்துவிட்டது. 3, 4 நாளில் அடுத்த தலைமுறை. உடம்பு ஒளி ஊடுருவும் என்பதால் நியூரான் வேலை செய்வதை உயிரோடேயே பார்க்கலாம். மரபு வகைகளை (குறிப்பிட்ட மரபணு மாற்றத்தோடு வளர்க்கும் புழுக்களை) உறையவைத்துவிட்டுத் தேவைப்படும்போது உயிர்ப்பிக்கலாம், விடைத்தாள் திருத்தும் மாதங்களில் இது எவ்வளவு பெரிய நிம்மதி! குறை என்றால், உடம்பு அவ்வளவு சிறிது என்பதால் நியூரானின் மின்சமிக்ஞையைப் பதிவு செய்வது கஷ்டம்.

என் ஓட்டு பழ ஈக்குத்தான். ஏறக்குறைய 1,40,000 நியூரான்கள், வளர்ந்த பெண் ஈயின் முழு மூளை வரைபடம் 2024-ல் வந்தது. தூக்கம், கற்றல், இணை தேடுதல் என்று கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. 1971-ல் ஈயில் கண்டுபிடித்த ஒரு மரபணுப் பிறழ்விலிருந்து வளர்ந்த உடல் கடிகார ஆய்வுதான் 2017-ல் நோபல் பரிசு பெற்றது. அப்புறம், தலைமுறைக்கு 10 நாள் என்பதால் இளநிலை மாணவர் ஒருவர் தானே கலப்பு செய்து, நடத்தையை அளந்து, ஒரே செமஸ்டரில் முடிவைப் பார்த்துவிடலாம். பாடமும் ஆய்வும் ஒன்றாவது அங்கேதான். ஒரே தொல்லை, உறையவைத்து எடுப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை, சில வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையையும் புது உணவுக் குப்பிக்கு மாற்றியே ஆக வேண்டும், விடுமுறையிலும்.

எலியை விட மனமில்லை என்றால் சரி, விலங்குக்கூடம் ஏற்கெனவே நடக்கும் இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். கூண்டுகளின் தினசரிச் செலவு யாருடையது என்பதை வேலையில் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.