வீட்டு மாடியா, மணி வாடகை ஹாலா, தனி இடமா? பரதநாட்டிய வகுப்புக்கு ஒரு கணக்கு

இருபது பிள்ளைகள் சேர்ந்ததும் நடன ஆசிரியர்கள் பலருக்கும் வரும் கேள்வி இது. மாடியிலேயே தொடர்வதா, பக்கத்தில் ஏதாவது ஹாலை மணிக்கணக்கில் எடுப்பதா, துணிந்து தனி இடம் பிடித்துப் போர்டு மாட்டுவதா? மூன்றிலும் நன்றாக நடக்கும் வகுப்புகள் உண்டு. அவசரப்பட்டு மூன்றாவதற்குத் தாவி, இரண்டே வருடத்தில் அட்வான்ஸையும் இழந்து மூடியவையும் உண்டு.

முதலில் இடத்தை அளந்துவிடுவோம். நாட்யாரம்பம் என்ற நிலையில் கைகளைத் தோள் உயரத்துக்கு விரித்து, காலை நீட்டிக் குதிகாலால் தட்டும் நாட்டடவு செய்யும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 6 அடி அகலமும் 5 அடி ஆழமும் வேண்டும். முன்னால் ஆசிரியர் உட்காரவும் செய்துகாட்டவும் 5 அடி. அப்படிப் பார்த்தால் 18-க்கு 20 அடி ஹாலில் வரிசைக்கு மூன்று பேராக ஒன்பது பேர்தான். 24-க்கு 25 என்றால் பதினாறு. நடுவில் தூண் இருந்தால் அதற்குப் பின்னால் நிற்கும் பிள்ளையின் அரைமண்டி (முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை) உங்கள் கண்ணுக்கே படாது. அந்த இடத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

மாடிக்கு வாடகை இல்லை, பெற்றோருக்கு வீட்டு வகுப்பு என்றால் நம்பிக்கையும் அதிகம். சிக்கல் பருவத்தில் இருக்கிறது. புதுச் சேர்க்கை குவிவது விஜயதசமியன்று. அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. முதல் பாடமான தட்டடவை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில்கூட, இன்னும் பிடிக்காத குழந்தைக்கு மழையால் நான்கு வகுப்பு போனால், ஐந்தாவது வகுப்புக்கு அது வருவதே சந்தேகம். ஷீட் கூரை போட்டால் மழை நிற்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் மாலை ஐந்தரைக்கு முன் அங்கே நிற்க முடியாது. தளத்தில் பதித்த சதுர ஓடு சொரசொரப்பானது, குதிகால் தோலை உரித்துவிடும். கீழ்வீட்டில் ஆள் இருந்தால் இன்னொரு தொல்லை. பத்துப் பேர் மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாக, தட்டும் அதிர்வு கான்கிரீட் வழியாக இறங்கும், ஜன்னலைச் சாத்தினாலும் நிற்காது. இதற்காகச் சிலர் விரிக்கும் பஞ்சு மாதிரியான ஃபோம் மேட் தவறான மருந்து. கால் அமுங்கிக் கணுக்கால் ஆடும், திரும்பும்போது பாதம் ஒட்டிக்கொள்ள முழங்கால் மட்டும் திரும்பும். வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மணி வாடகை ஹாலில் முதலீடு கிட்டத்தட்ட இல்லை. பலவீனம் ஒன்றே ஒன்று: நேரம் உங்களுடையதல்ல. மண்டபத்தோடு சேர்ந்த மினி ஹால் என்றால் முகூர்த்த நாளில் பறிபோகும். பள்ளிக்கூட ஹால் தேர்வு மாதத்தில் பூட்டப்படும். அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் சங்க நிர்வாகிகள் மாறினால் அனுமதியும் மாறலாம். மாதத்தில் எட்டு வகுப்பு என்று ஃபீஸ் வாங்கிவிட்டு ஆறு நடத்தினால் பெற்றோர் சண்டை போடுவதில்லை, சத்தமில்லாமல் வேறு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ஹால் பேசும்போதே, ரத்தாகும் நாளை ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும், பதில் நேரம் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

இனி தனி இடம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை 40,000, மின்சாரமும் துப்புரவும் 8,000, ஆக மாதம் 48,000. ஹாலுக்கு மணிக்கு 500 என்றால், ஒரு மணி நேர வகுப்பு வாரம் இரண்டு நடக்கும் ஒரு பேட்ச்சுக்கு மாதம் 4,000. 48,000-ஐ 4,000-ஆல் வகுத்தால் 12. அதாவது பன்னிரண்டு பேட்ச் வரும்வரை ஹால்தான் மலிவு.

பன்னிரண்டு பேட்ச்சுக்கு நேரம் இருக்கிறதா? பள்ளிப் பிள்ளைகள் வருவது வாரநாளில் மாலை 5 முதல் 8 வரை, சனி ஞாயிறு காலை 8 முதல் 12 வரை. கூட்டினால் 23 மணி நேரம், பதினொரு பேட்ச். ஆக, மணிக்கு 500 ரூபாயில் நல்ல ஹால் கிடைக்கும் ஊரில், பிள்ளைகளின் வகுப்பை மட்டும் நம்பினால் தனி இடம் கட்டுப்படியாகாது. அதுவே மணிக்கு 800 என்றால் எட்டாவது பேட்ச்சிலேயே தனி இடம் மலிவாகிவிடும். பகல் நேரத்தை யோகா ஆசிரியருக்கோ பெரியவர்கள் வகுப்புக்கோ கொடுக்க முடிந்தால் இன்னும் முன்னாலேயே. இந்த ஒரு வகுத்தலைக் காகிதத்தில் போடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வரியையும் பாருங்கள். வீட்டு உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் 40,000 வாடகை 18 சதவீதத்தோடு 47,200 ஆகும். தனிநபர் நடத்தும் கலைப் பயிற்சிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ மாற்றினால், 2022 ஜூலை முதல் அந்த விலக்கு இல்லை. அப்போது ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஃபீஸில் வரி சேரும். பெயருக்காகக் கம்பெனி ஆரம்பிப்பதற்கு முன் கணக்காளரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இத்தனை செலவிலும் தனி இடத்தை நாங்கள் மதிப்பதற்குக் காரணம் தரை. பரதம் வெறுங்காலால் ஓங்கித் தட்டும் ஆட்டம். கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ் அந்த அடியைத் துளியும் வாங்கிக்கொள்ளாது, அப்படியே கணைக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கும் திருப்பி அனுப்பும். வாடகை ஹாலின் தரையை நீங்கள் மாற்ற முடியாது, இங்கே முடியும். 10 மில்லிமீட்டர் ரப்பர் துண்டுகள், அவற்றின் மேல் ஓர் அடிக்கு ஒன்றாக இரண்டுக்கு ஒன்று அங்குல மரச்சட்டம், அதன்மேல் 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல். சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் ஈரக்காற்றில் பலகை உப்பி நடுவில் தூக்கும். திருகின் தலை பலகைக்குள் இறங்கி, மேலே துளையை நிரப்பும் மக்கு பூசியிருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் ரத்தம் ஏதாவது ஒரு குழந்தையின் பெருவிரலில். கரையான் மருந்தைச் சட்டம் போடுமுன் அடியுங்கள். அடித்தரையில் ஆணி அறையாமல் போட்டால் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், இதை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். பழைய கட்டடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை கிடைத்தால் காலுக்கு வழவழப்பு சரியாக இருக்கும், ஆனால் அடியில் இருப்பது அதே கான்கிரீட்தான்.

முப்பது பிள்ளைகள் வரை மாடியும் ஹாலுமாகக் கலந்து நடத்துவதே எங்கள் பரிந்துரை. மழை மாதங்களுக்கு மட்டும் ஹாலை முன்பதிவு செய்யலாம். மேலே போட்ட வகுத்தலில் உங்களுக்கு வரும் பேட்ச் எண்ணிக்கை (மணிக்கு 800 என்றால் எட்டு) ஒரு வருடம் குறையாமல் நின்ற பிறகு தனி இடம் தேடுங்கள். பத்தாம் வகுப்பில் நின்றுவிடும் பிள்ளைகளை அந்த எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இடம் பார்க்கப் போவதை மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளை மூன்றாம் காலத்தில் ஐந்து நிமிடம் தட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழ்த்தளத்தில் போய் நின்று கேளுங்கள். டோக்கன் அட்வான்ஸ் அதற்குப் பிறகு.