பேண்ட்கேம்ப்: முன்பின் தெரியாதவர்களின் அலமாரியில் கிடைத்த ராக்

சின்ன ராக் பேண்டுகளை எங்கே தேடுவது என்று யாராவது கேட்டால் பேண்ட்கேம்ப் பக்கம்தான் கையைக் காட்டுவேன். பேண்டுகள் தங்கள் பாட்டுகளை ரசிகர்களுக்கு நேராக விற்கும் இணையதளம் அது. 2008-ல் வந்தது, புதுசு ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்று நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பேண்டுகளில் பாதிக்கு மேல் அங்கே கிடைத்தவை.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பக்கத்திலேயே, அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் குட்டிப் படங்கள் வரிசையாக இருக்கும். எந்தப் பாட்டு பிடித்தது, ஏன் என்று சிலர் இரண்டு வரி எழுதியும் வைத்திருப்பார்கள். ஒரு படத்தைத் தொட்டால் அந்த ஆள் வாங்கி வைத்திருக்கும் மற்றதெல்லாம் திறக்கும், நமக்கு உயிரான ஓர் ஆல்பத்தை வாங்கியவர் வேறு என்னதான் கேட்கிறார் என்று நோண்ட ஆரம்பித்தால் இரவு இரண்டு மணி ஆவது தெரியாது. ஊர்ப் பெயர் போட்டும் தேடலாம்.

கார் சீட் ஹெட்ரெஸ்ட் என்ற அமெரிக்க ராக் பேண்ட் வளர்ந்த இடமும் இதுதான். அதைத் தொடங்கிய பாடகர் வில் டொலிடோ 2010-லிருந்து தனி ஆளாகப் பதிவு செய்து ஆல்பம் ஆல்பமாக இங்கே ஏற்றிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்ததால் வந்த பெயர் அது. 2015-ல் மேட்டடார் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொள்வதற்குள் பத்து ஆல்பத்துக்கு மேல் போட்டுவிட்டார். அந்தப் பழைய பதிவுகளின் கரகரப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் காசு. டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், டி-ஷர்ட், இசைத்தட்டு போன்றவற்றில் 10. ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள், 2020-ல் கொரோனா சமயத்தில் தொடங்கிய வழக்கம் அது. அதனால் வாங்க நினைப்பதை எல்லாம் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்து அந்த நாளில் வாங்குவேன். வாங்கியதைத் தரம் குறையாத ஃப்ளாக் ஒலிக்கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், அது நம்முடையது.

குறை இல்லாமல் இல்லை. 2022-ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் இந்தத் தளத்தை வாங்கியது, அடுத்த வருடமே சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்குக் கை மாறியது, ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. அந்தச் செய்தி வந்த வாரம் வாங்கியதை எல்லாம் ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். இன்னொன்று, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் கார்டில் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், என் வங்கி இரண்டு முறை மறுத்தது.

எங்கே ஆரம்பிப்பது? மெல்போர்னின் ராக் பேண்ட் கிங் கிஸார்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்ட். 2025 ஜூலையில் ஸ்பாட்டிஃபையை விட்டு வெளியேறி, இங்கே தங்கள் ஆல்பங்களை ‘நீங்களே விலை போடுங்கள்’ என்று வைத்தார்கள். பூஜ்யம் போட்டாலும் இறங்கும். நான் முதல் ஆல்பத்துக்குப் பூஜ்யம் போட்டேன், பாதி கேட்கும்போதே மனசு கேட்கவில்லை, திரும்பப் போய் அதையே காசு கொடுத்து வாங்கினேன்.