கோழிகள் பெருகும்போது: கூண்டை நீட்டுவதா, இன்னொன்று கட்டுவதா?

கொல்லையில் 6 கோழிகளோடு தொடங்கியவர்களிடம், அடை வைத்த முட்டைகள் பொரிந்தோ ஆசைப்பட்டு வாங்கியோ எண்ணிக்கை 14-ஐத் தொடும்போது, இருக்கும் கூண்டையே நீட்டிவிடலாமா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அதற்குப் போட்டியாக வேறு மூன்று வழிகளும் உள்ளன: பக்கத்தில் இரண்டாவது கூண்டு வைப்பது, அனைத்துக்கும் சேர்த்துப் புதிதாகப் பெரிய கொட்டகை கட்டுவது, கூண்டைத் தொடாமல் மேயும் அடைப்பை மட்டும் விரிப்பது. பலரும் மரச் செலவை வைத்தே முடிவெடுக்கிறார்கள். வரப்போகும் கோழிகள் எங்கிருந்து, எந்த வயதில் வருகின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் பெரும்பாலான கொல்லைகளுக்கு இரண்டாவது கூண்டே பொருந்தும்.

எந்த வழியானாலும் அளவு ஒன்றுதான். நடுத்தர உடல்வாகுள்ள கோழி ஒன்றுக்குக் கூண்டுக்குள் 4 சதுர அடியும், வெளியே அடைப்பில் 8 முதல் 10 சதுர அடியும் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. இரவில் உட்காரும் கம்பில் தலைக்கு 8 முதல் 10 அங்குலமும், முட்டையிட 4 அல்லது 5 பெட்டைகளுக்கு ஒரு பெட்டியும் தேவை. ஆகவே 6 கோழிகளுக்குச் சரியாக இருந்த 4 அடிக்கு 6 அடிக் கூண்டின் 24 சதுர அடி, 14 கோழிகளுக்கு 56 சதுர அடியாக வளர்ந்தாக வேண்டும்.

இட நெருக்கடி உள்ளேயா, வெளியேயா என்பதை அறிய, நன்றாக இருட்டிய பிறகு ஒரு டார்ச்சோடு கூண்டைத் திறந்து பார்ப்பதே போதும். எல்லாக் கோழிகளும் கம்பில் தளர்வாக அமர்ந்திருந்து, பகலில் மட்டும் வாலடி இறகுகள் கொத்துப்பட்டுக் காணப்பட்டால், குறை பெரும்பாலும் அடைப்பில் இருக்கிறது. கம்பி வலையும் நான்கைந்து கம்பங்களும் கொண்டு அதை விரித்தாலே தீர்ந்துவிடும். மாறாக, சில கோழிகள் முட்டைப் பெட்டிக்குள்ளும் மூலையில் தரையிலும் ஒடுங்கிக் கிடந்தால், வெளியே எவ்வளவு இடம் கொடுத்தாலும் பயனில்லை. அப்படிக் கிடப்பவை பெரும்பாலும் மூத்த பெட்டைகள் கம்பிலிருந்து விரட்டிய இளங்கோழிகளாகவே இருக்கும். பெட்டியில் இரவைக் கழிப்பதால் அங்கே எச்சம் சேர்ந்து, மறுநாள் முட்டையும் அழுக்காகும்.

நீட்டிக் கட்டுவதில் கிடைக்கும் மிச்சம் நினைப்பதைவிடக் குறைவு. 4 அடிக்கு 8 அடி அளவில் ஒரு பகுதியைச் சேர்க்க 20 அடி நீளத்துக்குப் புதுச் சுவர் தேவைப்படும். தனிக் கூண்டாகவே கட்டினால் 24 அடி. பழைய கடைசிச் சுவரைச் சேதமின்றிக் கழற்றி மறுமுனையில் பொருத்தினால்கூட மிச்சம் 8 அடிதான். அந்த மிச்சத்துக்கு விலையாகப் புதிய சிக்கல்கள் வருகின்றன. கூண்டைத் தாங்கும் பழைய கால்கள் மண்ணில் அழுந்தி நிலைத்துவிட்டவை. புதிய கால்கள் இனிமேல்தான் அழுந்தும். அதனால் இணைப்பில் விழும் அரை அங்குல இடைவெளி, சுண்டெலிக்கும் சிறு பாம்புக்கும் வாசலாகிவிடும். கூரைகள் சேரும் கோட்டில் தகடு மடித்துப் பொருத்தாவிட்டால் மழைநீர் இறங்கித் தரையில் பரப்பிய கூளத்தை நனைக்கும். ஈரக் கூளத்தில் அம்மோனியா வாடை ஏறும், குஞ்சுகளைக் கொல்லும் ரத்தக் கழிச்சலின் கிருமியும் செழிக்கும்.

இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்பும் குறை காற்றோட்டம். கூண்டை ஒட்டி நீட்டும்போது நாம் மூடுவது பெரும்பாலும் சன்னலோ காற்றுத் திறப்போ இருக்கும் கடைசிச் சுவரைத்தான். 6 கோழிகளுக்குப் போதுமாக இருந்த திறப்பில் பாதி போய்விட, உள்ளே 14 கோழிகள் மூச்சுவிட்டு எச்சமிடும். காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக்கூடாது என்பது கோழிப் பண்ணைகளில் வைத்திருக்கும் வரம்பு. காலையில் கூண்டைத் திறந்து, கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தால் கண் உறுத்துகிறதா என்பது தெரியும். நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு வாடையில்லை என்று சொல்வது சரியான சோதனை ஆகாது. நீட்டத்தான் வேண்டும் என்றால், கம்புக்கு மேலே, கூரையை ஒட்டி, கோழிகள் மேல் நேராகக் காற்று அடிக்காத உயரத்தில் இரு பக்கமும் புதுத் திறப்புகள் விட வேண்டும்.

கம்பின் உயரமும் இங்கே முக்கியம். கோழிகள் கிடைக்கிற உயரமான இடத்தில்தான் அடையும். சாய்ப்பாக இறக்கிய புதுப் பகுதியில் கூரை தாழ்வதால் கம்பும் தாழும். அப்போது 14 கோழிகளும் பழைய கம்புக்கே முண்டியடிக்க, புதுப் பகுதி இரவெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். கூரைச் சரிவு மாறாமல் நீளவாக்கில் நீட்டி, இரு பகுதியிலும் கம்பை ஒரே மட்டத்தில் வைக்க முடிந்தால் மட்டுமே நீட்டல் பலன் தரும்.

இரண்டாவது கூண்டின் உண்மையான பலம், கோழிகளைப் பிரித்து வைக்க முடிவதில் இருக்கிறது. முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை உண்டு. முட்டையிடத் தொடங்காத இளங்கோழிகள் அதைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். தனிக் கூண்டும் இடையில் ஒரு வலையும் இருந்தால் இரண்டு தீவனமும் கலக்காது. அந்த வலை வழியாக ஓரிரு வாரம் ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பிறகு திறந்துவிட்டால் சண்டை குறைவாகவே நடக்கும். செவ்வுண்ணி வந்தாலும் இதே வசதி உதவும். பகலில் மரப் பிளவுகளில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் அந்தப் பூச்சி, இரையில்லாமலே பல மாதம் உயிரோடிருக்கும். ஒரே நீளக் கூண்டாக இருந்தால் மருந்தடிக்கும் நாளில் கோழிகளை விட இடமிருக்காது. இரண்டு இருந்தால் ஒன்றைக் காலிசெய்து பிளவு பிளவாகச் சுத்தம் செய்யலாம்.

ஒன்றில் மட்டும் ஏமாறக்கூடாது: பக்கத்தில் நிற்கும் இரண்டாவது கூண்டு, வெளியிலிருந்து வாங்கிய கோழிகளைத் தனிமைப்படுத்தும் இடமாகாது. கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோயான மாரெக்ஸ் போன்றவை இறகுத் துகளோடு காற்றில் பரவக்கூடியவை. வாங்கியவற்றை முடிந்தவரை தொலைவில், தனிப் பாத்திரங்களோடு 30 நாள் வைத்துப் பார்த்த பின்பே அடைப்பின் பக்கம் கொண்டுவர வேண்டும். இதோடு, இரண்டு கதவுகளை மாலைதோறும் சாத்தும் பொறுப்பும், இரண்டு இடங்களில் தண்ணீர் மாற்றும் வேலையும் கூடும். அந்தச் சுமையை ஏற்க முடியாதவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிதாகப் பெரிய கொட்டகை கட்டுவது, பழைய கூண்டின் மரம் உளுத்தோ உண்ணி ஏறியோ போனவர்களுக்கும், எண்ணிக்கை 20-ஐத் தாண்டும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கும் உரியது. நிமிர்ந்து நின்று பெருக்கும் உயரமிருந்தால் சுத்தம் செய்வது தள்ளிப்போகாது. உண்ணி ஏறிய பழைய பலகையைச் சிக்கனம் கருதிப் புதுக் கொட்டகையில் பொருத்தினால், கட்டியதன் பயனே போய்விடும். பழைய கூண்டு நல்ல நிலையில் இருந்தால் குஞ்சு வளர்க்கவும் நோயுற்றதைப் பிரிக்கவும் அப்படியே நிற்கட்டும்.

எதைக் கட்டினாலும், அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையை நம்ப வேண்டாம். அது கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாயையும் எலியையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பிவலையை) அடித்து, அடியில் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதைக்க வேண்டும். இடம் மாற்றிய கோழிகள் முதல் சில மாலைகளில் பழைய கூண்டின் வாசலிலேயே போய் நிற்கும். அவற்றை இருட்டும் வேளையில் கையில் தூக்கிப் புதுக் கம்பில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தாமாகவே அங்கே அடையப் பழகிவிடும்.