பின்தொடர்வோரை விலைக்கு வாங்கி ரூ. 18,500 இழந்தேன்: சிறு வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். என்னிடம் ரூ. 18,500 வாங்கிய முகவர் நேற்றிரவு என் எண்ணைத் தடுத்துவிட்டார். சமூக ஊடகத்தில் கடை நடத்துபவர்கள் இந்த வலையில் விழாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, புகைப்படம் பகிரும் ஒரு சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து விற்கிறேன். ஒன்றரை ஆண்டில் என் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் 1,140 பேர். ஒரு படம் போட்டால் எண்பது, தொண்ணூறு லைக் விழும். அதிலிருந்து இரண்டு மூன்று சேலையாவது விற்கும். ஆனால் புதிதாக விசாரிப்பவர்களில் பலர், "ஆயிரம் பேர்தானே இருக்கிறார்கள், பணம் அனுப்பினால் சேலை வந்து சேருமா?" என்று கேட்டுவிட்டு அப்படியே போய்விடுவார்கள். அடுத்த தெருவில், அதே தறியில் அதே சேலையை எடுத்து என்னைவிட நூறு ரூபாய் கூடுதலாக விற்பவருக்கு 60,000 பேர் இருந்தார்கள். அவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

வியாபாரிகள் பொய்க் கூட்டத்தை வாங்குவது வெறும் பெருமைக்காக என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகம் தெரியாத கடைக்கு முன்பணம் அனுப்புகிறவர், அந்தக் கடையை எடைபோடக் கண்ணுக்கு முதலில் படுவது அந்த ஓர் எண்தான். ஏமாற்றுக்காரி என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் நான் ஏமாற்றை விலை கொடுத்து வாங்கினேன்.

முகவர் வாட்ஸ்அப்பில் வந்தார். "நூறு சதவீதம் நம்ம ஊர் ஆளுங்கக்கா, ஒருத்தர் கூடக் குறைய மாட்டாங்க, குறைஞ்சா தொண்ணூறு நாளைக்கு நானே நிரப்பித் தர்றேன்" என்று எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே குரல்பதிவு அனுப்பினார். பாஸ்வேர்டு கேட்பார்கள், கொடுக்கக் கூடாது என்று என் மகன் எச்சரித்திருந்ததால் நான் அதற்காகவே காத்திருந்தேன். அவரோ, "பாஸ்வேர்டு எதுவும் வேண்டாங்கக்கா, பக்கத்தோட பேர் மட்டும் போதும்" என்றார். பிறகு மாதிரிக்கு என்று இருநூறு பேரை இலவசமாக அனுப்பினார். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் எண் ஏறிவிட்டது. அந்த இரண்டிலும்தான் நான் விழுந்தேன். இருபதாயிரம் பேருக்கு ரூ. 12,000, மூன்று மாத லைக்குக்கும் கமெண்டுக்கும் ரூ. 6,500, ஆக மொத்தம் ரூ. 18,500-ஐ ஒரு தனிநபரின் க்யூஆர் குறிக்கு அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை.

இரண்டே இரவில் எண்ணிக்கை 21,000-ஐத் தாண்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் படமில்லாத முகங்கள், பெயருக்குப் பின்னால் ஆறு இலக்கம், எனக்குப் படிக்கத் தெரியாத மொழிகள். அந்த வாரம் என் மாமியார் காலமானார். கடை பத்து நாள் இயங்காது என்று அவர் படத்தோடு அறிவிப்புப் போட்டேன், அதன் கீழே, "சூப்பர் கலெக்‌ஷன், விலை என்ன?" என்று பதினேழு கமெண்டுகள் வந்து விழுந்தன. உறவினர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பதினோராம் நாள் அந்த ஊடகமே போலிக் கணக்குகளைக் களைந்திருக்க வேண்டும். எண் 6,300-க்கு இறங்கியது. அதைவிடப் பெரிய அடி விற்பனையில் விழுந்தது. அந்த ஊடகம் ஒரு படத்தை முதலில் பின்தொடர்பவர்களில் சிலருக்குக் காட்டி, அவர்கள் பார்க்கிறார்களா என்று கவனித்த பிறகே அதை மற்றவர்களுக்குக் கொண்டுபோகுமாம். உயிரில்லாத கணக்குகளுக்குக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? என் பழைய வாடிக்கையாளர்களின் கண்ணிலேயே படம் படாமல், தொண்ணூறு லைக் வந்த இடத்தில் பதினான்கு வந்தது. மொத்தமாக எடுக்கவிருந்த கோயம்புத்தூர்க் கடைக்காரர், "இருபதாயிரம் பேர் என்று படம் அனுப்பினீர்கள், ஒரு சேலைக்கு இருபது பேர் கூட லைக் போடவில்லையே, இது மோசடிப் பக்கமா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

முகவரிடம் கேட்டபோது முதல் நாள் "சர்வர் அப்டேட்" என்றார். மறுநாள், இருபத்து நான்கு மணி நேரத்தில் நிரம்பும் என்றார். நான்காம் நாள் இந்தி மட்டுமே பேசுகிற வேறொருவர் வந்தார். பிறகு, போலிகளில் சிலரை நானே நீக்கியதால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. ரூ. 18,500 வாங்கும்போது என்னை நொடிக்கொரு தரம் அக்கா என்று அழைத்தவர் இவர். ஊடகத்துக்குப் புகார் அனுப்பினால் எந்திரம்தான் பதில் சொல்கிறது. நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்கிறது வங்கி.

பிறகுதான் இதைப் பற்றி வாசித்தேன். நேட்டோ ராணுவக் கூட்டணியின் அங்கீகாரத்தோடு லாத்வியா நாட்டின் ரீகா நகரில் இயங்கும் ஓர் ஆய்வு மையம், 2019-இல் சோதனைக்காக 300 யூரோ கொடுத்து, 25,000-க்கும் மேற்பட்ட லைக்குகளையும் 5,100 பின்தொடர்வோரையும் வாங்கிக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, போலி என்று தெரிந்தே வியாபாரத்துக்காக இவற்றை விற்பவரை மட்டுமல்ல, வாங்குபவரையும் பிடிக்கிறது. அதை வாசித்தபோது, கோபப்பட எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று சற்று நேரம் யோசித்தேன். இருந்தாலும் கோபம் போகவில்லை.

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. பாஸ்வேர்டு கேட்கவில்லை என்பதற்காக யாரையும் நம்பாதீர்கள். இலவச மாதிரி தூண்டில் புழு. தனிநபர் க்யூஆருக்குப் பணம் அனுப்பாதீர்கள். குரல்பதிவுகளை அழிக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு என்னைப் போல் நாளைக் கடத்தாமல் அன்றே இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நான் இன்று காலைதான் அழைத்தேன். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள், ரூ. 18,500 வரவில்லை.