நாடாளுமன்றக் குழு அறிக்கைகள்: நாலாவது அத்தியாயத்திலிருந்து படியுங்கள்

விவசாயத்துக்கோ உணவுப் பாதுகாப்புக்கோ புதிதாக ஒரு சட்டம் வருகிறது என்றால் டிவி விவாதத்தைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தவன் நான். மூன்று வருடமாக அதை விட்டுவிட்டு நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கைகளைப் படிக்கிறேன். சன்சத் டாட் இன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். நம் வரிப்பணத்தில் நடக்கும் சேவை என்பதால் ஒரு பயனாளியாக இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். விவசாயத்துக்கு ஒரு நிலைக்குழு, சுகாதாரத்துக்கு ஒரு நிலைக்குழு என்று துறைவாரியாக உண்டு. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி கலந்துதான் இருப்பார்கள், அமைச்சர்கள் உறுப்பினராக இருக்க முடியாது. 1993-இல் இந்த முறை முழுசாக வந்தது என்றாலும் விவசாயத்துக்கு 1989-லேயே ஒரு குழு இருந்தது. மூடிய அறையில் உட்கார்ந்து அமைச்சக அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், அவர்கள் எழுத்தில் பதில் கொடுப்பார்கள், கேள்வியும் பதிலும் அப்படியே அறிக்கையில் வரும், அதற்குக் கீழே குழு என்ன நினைக்கிறது என்பது தடித்த எழுத்தில் இருக்கும். நேரமில்லாதவர்கள் தடித்த எழுத்தை மட்டும் படித்தாலே போதும் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் சரக்கு இருப்பது அந்தச் சாதா எழுத்துப் பதில்களில்தான். "எத்தனை ஆய்வகம் இருக்கிறது?" என்று கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லாமல் திட்டத்தின் நோக்கத்தை விளக்கி அரைப் பக்கம் எழுதியிருப்பார்கள், அதைப் படிக்கும்போதே அங்கே ஓட்டை இருக்கிறது என்று புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் வரும் நடவடிக்கை அறிக்கை. குழு பரிந்துரை செய்த பிறகு அரசு என்ன செய்தது என்று அதே குழு திரும்பிப் பார்க்கும். ஐந்து அத்தியாயம். அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள் இரண்டாவதில், அரசின் பதிலைப் பார்த்துக் குழுவே போதும் என்று விட்டுவிட்டவை மூன்றாவதில், அரசின் பதிலைக் குழு ஏற்காதவை நாலாவதில், இறுதிப் பதில் இன்னும் வராதவை ஐந்தாவதில். நான் எப்போதும் நாலாவதைத்தான் முதலில் திறப்பேன். எங்கே சண்டை தீரவில்லையோ அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இதெல்லாம் வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு 2003-ஐ நினைவுபடுத்துகிறேன். குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று நாடே கொந்தளித்தபோது அதற்காக ஒரு கூட்டு நாடாளுமன்றக் குழு அமைத்தார்கள், தலைவர் சரத் பவார். 2004 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை, எச்சம் இருந்தது உண்மை என்று உறுதி செய்ததோடு நிற்காமல், சிதறிக் கிடக்கும் உணவுச் சட்டங்களை ஒன்றாக்கி ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றது. 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது, அதன் மசோதாவின் நோக்கவுரையிலேயே இந்தக் குழுவைக் குறிப்பிட்டார்கள். அதேபோல மரபணு மாற்ற உணவுப் பயிர்கள் பற்றி விவசாய நிலைக்குழு 2012 ஆகஸ்டில் கொடுத்த 37-ஆவது அறிக்கை. பாசுதேவ் ஆச்சார்யா தலைமையில் உறுப்பினர்கள் மகாராஷ்டிராவின் விதர்பா வரை போய்ப் பருத்தி விவசாயிகளிடம் பேசிவிட்டு வந்து எழுதியது. வயல் சோதனைகளை நிறுத்தச் சொன்ன அதன் முடிவை ஏற்காதவர்களும் ஒரு முறை படிக்க வேண்டும் என்பேன், இரண்டு தரப்பு வாதமும் அதில் பதிவாகியிருக்கிறது.

இனி என் வீட்டு விஷயம் ஒன்று. அப்பா விவசாயி. 2006 சட்டத்தின் 18-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவை அவருக்குத் தமிழில் சொன்னேன்: இந்தச் சட்டம் விவசாயிக்கோ மீனவருக்கோ வயலில் நடக்கும் வேலைக்கோ பொருந்தாது. "அப்போ எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டகையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து வந்தார். முனையில் நிற்கும் சதுரம், கீழ்ப்பாதியில் மஞ்சள் முக்கோணம், பக்கத்தில் எட்டாக மடித்து ரப்பர் போட்ட மெல்லிய துண்டுத்தாள். விரித்தால் எறும்பு எழுத்து. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மையை வரிசைப்படுத்தும் அந்த முக்கோணம் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் உள்ளது, அது விவசாய அமைச்சகத்தின் பொறுப்பு. அந்த மருந்து காயில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது 2006 சட்டப்படி அமைந்த உணவு ஆணையம், அது சுகாதார அமைச்சகத்தின் கீழ். ஆக அடிக்கிற மருந்தை ஒரு குழு விசாரிக்கும், தட்டில் வந்து சேரும் எச்சத்தை இன்னொரு குழு விசாரிக்கும். ஒரே பாட்டிலுக்காக நான் இரண்டு குழுக்களின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. இந்த வரப்பை யாராவது தாண்டியே ஆக வேண்டும்.

சுகாதாரக் குழு 2018-இல் உணவு ஆணையத்தின் செயல்பாட்டைப் பற்றி 110-ஆவது அறிக்கை கொடுத்தது. அதைத் தனியாகப் படிக்காதீர்கள், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி முந்தின வருடம் கொடுத்த அறிக்கையோடு சேர்த்துப் படியுங்கள். மாநில உணவு ஆய்வகங்கள் 72-இல் 65-க்குத் தேசிய அங்கீகாரம் இல்லை என்று சொன்னது அந்த சிஏஜி அறிக்கைதான்.

சரி, குறைகளுக்கு வருவோம். உணவு விஷயத்தில் நம்மை நேரடியாகத் தொடும் அளவுகள், லேபிள், வரம்பு எல்லாம் சட்டத்தில் இருப்பதில்லை, ஆணையம் போடும் ஒழுங்குமுறைகளில் இருக்கின்றன. அவை வெளியான பிறகுதான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படும், கூட்டத்தொடர் நடக்கும்போது மொத்தம் 30 நாட்கள். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். இவற்றைப் பார்க்கவென்றே தனிக் குழு உண்டு, மக்களவையில் அதற்கு 15 உறுப்பினர்கள். ஆனால் எல்லா அமைச்சகங்களின் விதிகளும் அந்தப் பதினைந்து பேரிடம்தான் வந்து குவிகின்றன. நெல்லைத் தூற்றாமல் குதிரில் கொட்டுவது மாதிரி இருக்கிறது எனக்கு. வரைவாக இருக்கும்போதே நிலைக்குழுவின் கண்ணில் பட வேண்டும்.

மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2020-இல் மாநிலங்களவைக்கு வந்த பூச்சிமருந்து மேலாண்மை மசோதா விவசாய நிலைக்குழுவுக்குப் போனது, 2021 டிசம்பரில் அறிக்கை வந்தது. அதே 2020 செப்டம்பரில் மூன்று விவசாயச் சட்டங்கள் எந்தக் குழுவுக்கும் போகாமல் நிறைவேறின, அவற்றை ரத்து செய்யும் மசோதாவும் 2021 நவம்பர் 29-இல் இரு அவைகளிலும் விவாதம் இல்லாமலே நிறைவேறியது. அந்தச் சட்டங்களை ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் படித்துப் பார்க்க ஒரு கேள்வி பதில் கூட மிஞ்சவில்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இது.

அப்புறம் மொழி. அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். பூச்சிமருந்து பாட்டிலின் லேபிளில் வட்டார மொழியும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அப்பா கையில் இருந்த பாட்டிலில் தமிழ் இருந்தது. அந்த மருந்தைப் பற்றி அவர் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கேட்ட கேள்வி தமிழில் இல்லை. தடித்த எழுத்துப் பகுதியை மட்டுமாவது மாநில மொழிகளில் போடலாம், ஒரு அறிக்கைக்கு இருபது முப்பது பக்கம்தான் வரும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அந்த ஒன்றரையில் பெரும்பகுதி மொழிக்காகக் குறைத்தது. போன ஞாயிறு முதல் அப்பாவுக்காக ஒரு நடவடிக்கை அறிக்கையின் நாலாவது அத்தியாயத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு பக்கம் முடிந்திருக்கிறது. ராத்திரி சாப்பிட்டதும் அப்பா அதை எடுத்து வைத்துக்கொண்டு, அமைச்சகத்தின் பதில் வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடுகிறார்.